கன்சல்டிங் கம்பெனியில் அரசுப் பக்கமும் தனியார் பக்கமும்: புதிதாகச் சேரும் சேலத்துப் பிள்ளைகளுக்கு

ஒவ்வொரு வருடமும் ஜூன், ஜூலை மாதங்களில் சேலத்துக் கல்லூரிகளில் படித்து முடித்த நாலைந்து பேராவது என்னைக் கூப்பிடுவார்கள். அரசுக்கும் தொழில் நிறுவனங்களுக்கும் ஆலோசனை சொல்லும் பெரிய கன்சல்டிங் கம்பெனி ஒன்றில் வேலை கிடைத்திருக்கும். "அண்ணா, என்னை கவர்ன்மென்ட் பிராக்டிஸ்ல போட்டிருக்காங்க. கமர்ஷியலுக்கு மாறிக்க முடியுமா?" என்பதுதான் முதல் கேள்வி. சம்பளம், ஊர், வெளிநாட்டு வாய்ப்பு எல்லாம் அதற்கு அப்புறம் வரும். இந்த இரண்டு பக்கத்துக்கும் நடுவில், ஒரு பக்கத்துத் தகவல் மறுபக்கம் போகாமல் தடுக்கும் ஒரு சுவர் இருக்கிறது, அதைக் காப்பதில் உனக்கும் பங்கு இருக்கிறது என்று அவர்களுக்கு யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள். நான் சேர்ந்தபோது எனக்கும் யாரும் சொல்லவில்லை. ஒரு தவறு செய்த பிறகுதான் புரிந்தது. அந்தத் தவறைக் கீழே எழுதியிருக்கிறேன்.

எது எந்தப் பக்கம்?

அரசுப் பக்கம் என்றால் துறைகள், மாநகராட்சிகள், வாரியங்கள், பொதுத்துறை நிறுவனங்கள் ஆகியவற்றுக்கு வேலை செய்யும் அணி. டெண்டரில் கலந்துகொண்டு வேலையைப் பிடிப்பார்கள். பல சமயம் அந்த அரசு அலுவலகத்திலேயே மேசை போட்டு உட்கார்ந்திருப்பார்கள். 2016இல் சேலம் ஸ்மார்ட் சிட்டி பட்டியலில் சேர்ந்தது நினைவிருக்கும். அந்த மாதிரி திட்டங்களில் பி.எம்.சி. என்று சொல்லப்படும் திட்ட மேலாண்மை ஆலோசகர்கள் செய்வது இந்தப் பக்கத்து வேலை. தனியார் பக்கம் என்றால் வங்கி, மருந்துக் கம்பெனி, நூற்பாலை, ரிசார்ட் என்று பணம் போட்டுத் தொழில் செய்யும் எவரும்.

லோகோ ஒன்றுதான், கேன்டீன் ஒன்றுதான், ஆண்டு விழாவும் ஒன்றுதான். ஆனால் விதியை எழுதும் துறை ஒரு பக்கத்துக்குக் கிளையன்ட், அந்த விதிக்குக் கட்டுப்பட வேண்டிய கம்பெனி இன்னொரு பக்கத்துக்குக் கிளையன்ட். சிக்கல் இதிலிருந்துதான் தொடங்குகிறது.

ஏற்காட்டை வைத்து யோசித்துப் பாருங்கள். மலையில் எந்தச் சாலையை அகலப்படுத்துவது, எங்கே வாகன நிறுத்தம் கட்டுவது என்று அரசுக்கு நீங்கள் அறிக்கை தயாரிக்கிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். அறிவிப்பு வர இன்னும் ஆறு மாதம் இருக்கிறது. உங்கள் கம்பெனியின் தனியார் பக்கத்தில் ஒரு ரிசார்ட் குழுமம் கிளையன்ட்டாக இருக்கிறது. உங்கள் லேப்டாப்பில் இருக்கும் ஒரே ஒரு வரைபடம் அவர்களிடம் போனால், அந்தச் சாலையோரக் காப்பித் தோட்டத்தை இன்றைய விலைக்கே வாங்கிப் போட்டுவிடுவார்கள். விற்றவர் ஆறு மாதம் கழித்து அறிவிப்பைப் படித்து நெஞ்சில் கை வைப்பார். அவர் பணத்தை யாரும் திருடவில்லை, கையெழுத்தும் அவரே போட்டார். ஆனாலும் அவர் ஏமாற்றப்பட்டவர்தான். இதைத் தடுப்பதற்குத்தான் சுவர்.

வெளிநாட்டில் இது எவ்வளவு தூரம் போனது என்று தெரிந்துகொள்ளுங்கள். ஆஸ்திரேலியாவில் பன்னாட்டு நிறுவனங்களின் வரி ஏய்ப்பைத் தடுக்கும் சட்டத்தைத் தயாரிக்க, அந்நாட்டு நிதித்துறை வல்லுநர்களிடம் ரகசியமாகக் கருத்துக் கேட்டது. அதில் பங்கேற்ற, பி.டபிள்யூ.சி. என்ற பன்னாட்டு ஆலோசனை நிறுவனத்தின் பார்ட்னர் (பங்குதாரர்) ஒருவர் அந்தத் தகவலைத் தன் நிறுவனத்துக்குள் பகிர்ந்தார். வரப்போகும் சட்டத்தைச் சமாளிக்கும் வழிகளை நிறுவனம் பெரிய கம்பெனிகளிடம் விற்கப் பார்த்தது. 2023இல் இது வெளியே வந்தது. மே மாதம் 144 பக்க உள் மின்னஞ்சல்கள் நாடாளுமன்றம் வழியாக வெளியானதும், அந்நாட்டுப் பிரிவின் தலைமை அதிகாரி பதவி விலகினார். கடைசியில் அரசுப் பணிகளைச் செய்த பிரிவு முழுவதையும் ஒரே ஒரு ஆஸ்திரேலிய டாலருக்கு விற்றுவிட்டார்கள். சைன் அட்வைசரி என்ற பெயரில் அது தனி நிறுவனமானது.

அமெரிக்காவில் மெக்கின்சி என்ற ஆலோசனை நிறுவனம், மருந்துகளைக் கட்டுப்படுத்தும் எஃப்.டி.ஏ.வுக்கும் ஓபியாய்டு வலி மாத்திரை தயாரித்த கம்பெனிகளுக்கும் வேலை செய்தது. குறைந்தது 22 பேர் இரண்டு தரப்புக்கும் தொடர்புடைய விஷயங்களில் வேலை செய்ததாக 2022இல் நாடாளுமன்றக் குழு அறிக்கை சொன்னது. அதற்கு முந்தைய வருடமே, ஓபியாய்டு கம்பெனிகளுக்குச் செய்த வேலைக்காக 57 கோடியே 30 லட்சம் டாலர் கட்ட அந்நிறுவனம் மாநிலங்களுடன் உடன்பாடு செய்திருந்தது. மாத்திரைக்கு அடிமையாகி இறந்தவர்களின் வீடுகளை நினைத்துப் பார்த்தால், இதை வெறும் அலுவலக விதி என்று ஒதுக்க மனம் வராது.

சில நிறுவனங்கள் சுவர் போதாது என்று வீட்டையே பிரித்துக்கொண்டன. பூஸ் ஆலன் ஹாமில்டன் என்ற அமெரிக்க ஆலோசனை நிறுவனம் 2008இல் இரண்டானது. அரசுப் பக்கத்தின் பெரும்பங்கை கார்லைல் என்ற முதலீட்டுக் குழுமம் வாங்கியது, தனியார் பக்கம் வேறு கம்பெனியாகப் போனது. 2018இல் பி.டபிள்யூ.சி. தன் அமெரிக்க அரசுப் பிரிவை விற்றது, அதுதான் இப்போது கைட்ஹவுஸ். நம் நாட்டில் பெரும்பாலும் ஒரே கூரைதான். அதனால் சுவர் உங்கள் நடத்தையில்தான் நிற்க வேண்டும்.

சரி, இனி செய்ய வேண்டியவை.

படி 1: ஆஃபர் லெட்டரில் கம்பெனியின் முழுப் பெயரைப் படியுங்கள்

லோகோவில் இருக்கும் பெயர் ஒன்று, உங்களுக்குச் சம்பளம் போடும் நிறுவனத்தின் பெயர் வேறாக இருக்கும். எல்.எல்.பி.யா (வரையறுத்த பொறுப்புள்ள கூட்டாண்மை), பிரைவேட் லிமிடெடா, எந்தப் பெயரில் என்று குறித்து வையுங்கள். ஒரே பிராண்டின் கீழ் தணிக்கைக்கு ஒரு நிறுவனம், ஆலோசனைக்கு ஒரு நிறுவனம் என்று வைத்திருப்பார்கள். 2013ஆம் ஆண்டு கம்பெனிகள் சட்டத்தின் 144ஆவது பிரிவு, ஒரு கம்பெனியின் கணக்கைத் தணிக்கை செய்பவர் அதே கம்பெனிக்குச் செய்யக்கூடாத வேலைகளைப் பட்டியலிடுகிறது. ஆக, உங்கள் கம்பெனிக்குள் இருப்பது ஒரே ஒரு சுவர் அல்ல. எந்தெந்தச் சுவருக்கு எந்தப் பக்கம் நிற்கிறீர்கள் என்று முதல் வாரத்திலேயே மேனேஜரிடம் கேட்டுவிடுங்கள்.

படி 2: மூன்று வகை முரணைக் கற்றுக்கொள்ளுங்கள்

முரண் என்றால், ஒரு கிளையன்ட்டுக்கு நேர்மையாக வேலை செய்வதற்கு இன்னொருவரின் நலனோ உங்கள் நலனோ குறுக்கே வருவது. அமெரிக்க அரசுக் கொள்முதலில் இதை மூன்றாகப் பிரித்துப் பார்க்கும் வழக்கம் உண்டு. எனக்கு அதுதான் எளிதாகப் பிடிபட்டது. ஒன்று, மற்றவர்களுக்குக் கிடைக்காத தகவல் உங்களிடம் இருப்பது. ஏற்காடு வரைபடம் அந்த வகை. இரண்டு, நடுநிலையாகத் தீர்ப்புச் சொல்ல முடியாத இடத்தில் உட்காருவது. உங்கள் கம்பெனியே போட்டுக் கொடுத்த மென்பொருள் சரியாக ஓடுகிறதா என்று உங்களையே மதிப்பிடச் சொன்னால் என்ன சொல்வீர்கள்? மூன்று, ஆட்டத்தின் விதியை எழுதிவிட்டு ஆட்டத்திலும் இறங்குவது. டெண்டரின் தகுதி நிபந்தனைகளை நீங்கள் எழுதிக் கொடுத்துவிட்டு, அதே டெண்டரில் உங்கள் கம்பெனி விண்ணப்பிப்பது இதில் வரும்.

இந்தியாவிலும் இதே கருத்து சட்டதிட்டங்களில் இருக்கிறது. மத்திய அரசின் பொது நிதி விதிகள் 2017இல், 175ஆவது விதி நேர்மை நெறிமுறையைச் சொல்கிறது. கொள்முதல் செய்யும் அலுவலகம் தந்த தகவலை அநியாய அனுகூலத்துக்கோ சொந்த லாபத்துக்கோ பயன்படுத்தக் கூடாது, முரண் இருந்தால் தெரிவிக்க வேண்டும் என்பது அதில் அடக்கம். ஆலோசனைப் பணிகளை எப்படிக் கொள்முதல் செய்வது என்று நிதி அமைச்சகம் ஒரு கையேடும் வெளியிட்டிருக்கிறது. அதில் முரண் பற்றிய பகுதியை மட்டுமாவது படியுங்கள். மாநில அளவில் 1998ஆம் ஆண்டின் தமிழ்நாடு ஒப்பந்தப்புள்ளிகளில் வெளிப்படைத்தன்மைச் சட்டம் இருக்கிறது. பெயரில் வெளிப்படைத்தன்மை என்று இருப்பதால், டெண்டர் மதிப்பீட்டு அறையில் நடப்பதை வெளியே பேசலாம் என்று நினைத்துவிடாதீர்கள். ஆணை வழங்கும்வரை அது ரகசியம்.

இன்னொன்று. 1923ஆம் ஆண்டின் அலுவல் ரகசியச் சட்டம் அரசு ஊழியருக்குத்தான், நமக்கு இல்லை என்று பலர் நினைக்கிறார்கள். அதன் 5ஆவது பிரிவு, அரசோடு ஒப்பந்தம் செய்துகொண்டவரையும் அவரிடம் வேலை செய்பவரையும் சேர்த்தே பேசுகிறது. ஒப்பந்ததாரரிடம் வேலை செய்பவர் நீங்கள்தான்.

படி 3: லேப்டாப்பைப் பிரியுங்கள்

ஒவ்வொரு அரசு வேலைக்கும் தனி ஃபோல்டர். யார் யார் திறக்கலாம் என்று அனுமதி வரையறுத்த ஃபோல்டராக இருக்கட்டும். சொந்த மின்னஞ்சலுக்கு எதையும் அனுப்பாதீர்கள். வாட்ஸ்ஆப்பில் கோப்பு அனுப்புவதும் கூடாது. அரசு அலுவலகத்தில் அதிகாரிகளே வாட்ஸ்ஆப்பில் அனுப்பச் சொல்வார்கள். "சார், ஆபீஸ் மெயில்ல இப்பவே போட்டுடறேன்" என்று சொல்லி உடனே போட்டுவிட்டால் யாரும் கோபித்துக்கொள்வதில்லை. தாமதம் செய்தால்தான் கோபம் வரும்.

சுவர் எப்போதும் பார்ட்னர் அறையில்தான் உடையும் என்று நினைக்காதீர்கள். எக்ஸெல் கோப்பு இருப்பது ஜூனியரின் லேப்டாப்பில். என் அனுபவத்தில் சின்ன சின்ன விரிசல் எல்லாம் அங்கேதான் விழுகிறது. நான் செய்ததும் அப்படித்தான்.

வேலையில் சேர்ந்த இரண்டாவது வருடம். ஒரு துறைக்காகப் பல மாவட்டங்களின் சிறுதொழில் கூடங்கள் பற்றிய விவரம் திரட்டியிருந்தோம். எத்தனை பேர் வேலை, எவ்வளவு உற்பத்தி, கடன் எவ்வளவு என்பதெல்லாம் அதில் இருந்தது. தனியார் பக்கத்திலிருந்து ஒரு மேனேஜர் கூப்பிட்டார். "கம்பெனி பேரை எல்லாம் எடுத்துட்டு அந்த ஷீட்டை மட்டும் அனுப்புங்க, ஒரு புரொபோசலுக்கு மார்க்கெட் சைஸ் போடணும்" என்றார். பெயரை எடுத்துவிட்டால் பரவாயில்லை என்று எனக்கும் தோன்றியது. பெயர் வரிசையை நீக்கி அனுப்பிவிட்டேன். அன்று மாலையே, இந்த மாதிரி முரண்களைக் கண்காணிக்கும் ரிஸ்க் டீமிலிருந்து அழைப்பு வந்தது. அந்த ஷீட்டில் ஒரு தாலுகாவில் அந்த அளவுக்குப் பெரிய கூடங்கள் மூன்றே மூன்று. அந்தப் பக்கத்துக்காரர் எவரும் பார்த்தவுடன் யார் யார் என்று சொல்லிவிடுவார்கள். அவர்களின் கடன் பாக்கியை, அவர்களுடைய போட்டியாளருக்கு ஆலோசனை சொல்லும் அணியின் கையில் நானே கொடுத்திருந்தேன். புரொபோசல் வெளியே போவதற்குள் தடுத்துவிட்டார்கள். எழுத்தில் விளக்கம் கொடுத்தேன், அந்தப் பணியிலிருந்து என்னை எடுத்தார்கள், அது நியாயம்தான். அந்த மூன்று பேரும் ஒரு துறை கேட்டது என்று நம்பித்தானே விவரம் கொடுத்தார்கள் என்ற எண்ணம் இன்றும் என்னை உறுத்துகிறது.

அதனால் ஒரு விதி வைத்துக்கொண்டேன். அரசு வேலையில் வந்த தகவல் பெயர் நீக்கினாலும், கூட்டிக் கழித்துச் சுருக்கினாலும், படமாக மாற்றினாலும் அரசின் தகவல்தான். வேலை செய்யும் முறை, வெற்று டெம்ப்ளேட், பொதுவெளியில் ஏற்கெனவே இருக்கும் புள்ளிவிவரம், இவற்றை இரண்டு பக்கமும் பயன்படுத்தலாம். டெம்ப்ளேட்டிலும் பழைய எண்கள் மறைவரிசையில் ஒளிந்திருக்கும். பழைய கோப்பை அழித்து எழுதாமல் புதிதாகவே தொடங்குங்கள்.

படி 4: சீனியர் கேட்டால்

"முடியாது" என்று நேரடியாகச் சொல்ல ஒரு ஜூனியருக்கு எவ்வளவு கஷ்டம் என்று எனக்குத் தெரியும். அப்ரைசல் அவர் கையில் இருக்கும். அதனால் இந்த வாக்கியத்தை மனப்பாடம் செய்துகொள்ளுங்கள்: "இது அரசு கிளையன்ட்டின் தகவல், அவர்கள் எழுத்தில் அனுமதி கொடுத்தால் உடனே அனுப்புகிறேன். ரிஸ்க் டீமையும் இந்த மெயிலில் சேர்த்திருக்கிறேன்." இதில் நீங்கள் மறுக்கவும் இல்லை, கொடுக்கவும் இல்லை. ஃபோனில் கேட்டதற்கும் மெயிலில்தான் பதில் போட வேண்டும். நியாயமான காரணம் உள்ளவர் அனுமதி வாங்கி வருவார், மற்றவர் மறுபடி கேட்க மாட்டார்.

அதற்கும் மேல் அழுத்தம் வந்தால், கம்பெனிக்குள் புகார் தெரிவிக்கத் தனி எண் இருக்கிறதா என்று பார்த்து வைத்திருங்கள். தேவைப்படும் நாளில் தேடிக்கொண்டிருக்கக் கூடாது.

படி 5: ஊரும் உறவும்

சென்னையிலோ பெங்களூரிலோ இருந்தால் இது அவ்வளவு பெரிய விஷயம் இல்லை. சேலத்துக்காரருக்கு இதுதான் கடினமான படி. நம் சொந்தத்தில் ஒருவருக்கு செவ்வாய்ப்பேட்டையில் வெள்ளிப் பட்டறை இருக்கும், ஒருவர் ஆத்தூர் பக்கம் சேகோ (ஜவ்வரிசி) ஃபேக்டரி வைத்திருப்பார், ஒருவர் சின்ன கான்ட்ராக்ட் எடுத்துச் செய்வார். அரசுப் பக்கத்தில் நீங்கள் தொடும் எந்த விஷயத்துக்கும் இவர்களில் ஒருவரோடு சம்பந்தம் வந்துவிடும்.

ஒரு கல்யாண வீட்டில் பந்தி முடிந்து தாம்பூலம் வாங்கிக்கொண்டிருந்தபோது, சேகோ தொழிலில் இருக்கும் மாமா தோளில் கை போட்டு ஓரமாகக் கூட்டிப் போனார். "மாப்ள, ஃபேக்டரிக்கு மெஷின் மாத்தறதுக்கு ஏதோ மானியம் வருதாமே? எவ்வளவு, யாருக்கு எல்லாம் குடுப்பாங்க? நீங்கதான எழுதறீங்க?" என்று கேட்டார். சின்ன வயதில் எனக்கு ஃபீஸ் கட்டியவர். மரவள்ளி விலை ஏறி இறங்கும்போதெல்லாம் அவர் படும் பாட்டைப் பக்கத்திலிருந்து பார்த்திருக்கிறேன். வாய் வரைக்கும் வந்துவிட்டது. "மாமா, இப்ப என்னால ஒண்ணும் சொல்ல முடியாதுங்க. ஆர்டர் வெளிய வர்ற அன்னைக்கு மொதல்ல உங்களுக்குத்தான் அனுப்புவேன்" என்றேன். முகம் சுருங்கியது. ஆனால் நான் அன்று சொல்லியிருந்தால், ஆணை வருவதற்கு முன்னாலேயே அவர் கையில் மெஷின் கொட்டேஷன் தயாராக இருந்திருக்கும். பக்கத்து ஊரில் மாமன் மச்சான் யாரும் இல்லாத ஃபேக்டரிக்காரர் பின்னால் நின்றிருப்பார்.

கல்யாணத்துக்குப் போகும் முன்பே பதிலைத் தயார் செய்துகொண்டு போங்கள். "எனக்குத் தெரியாது" என்று பொய் சொல்ல வேண்டாம், பின்னால் தெரிந்தால் உறவு கசக்கும். "சொல்லக் கூடாது" என்பதைத் தன்மையாகச் சொன்னால் நாளடைவில் புரிந்துகொள்வார்கள். பெரியவர்களிடம் அம்மாவையோ அப்பாவையோ முன்கூட்டியே பேசச் சொல்வதும் நல்லது.

உறவினர் தொழில் நீங்கள் செய்யும் வேலையோடு நேராக மோதினால், பேசாமல் இருப்பது மட்டும் போதாது. மேனேஜருக்கு எழுத்தில் தெரிவியுங்கள். வேறு பகுதிக்கு மாற்றிவிடுவார்கள், அதனால் உங்கள் பெயர் கெடாது. பிறகு தெரியவந்தால்தான் கெடும். பேருந்திலும், ஐந்து ரோடு டீக்கடையிலும், ரயிலில் மேல் பெர்த்திலும் கிளையன்ட் பெயரை உச்சரிக்காதீர்கள். காதில் வாங்குபவர் யார், அவருக்கு என்ன வேண்டும் என்று உங்களுக்குத் தெரியாது.

படி 6: டைம்ஷீட்

அரசு வேலைகளில் பல சமயம் ஓர் ஆளுக்கு ஒரு மாதத்துக்கு இவ்வளவு என்ற கணக்கில்தான் பணம் வரும். முழுநேரமும் அந்த வேலையில் இருப்பதாகச் சொல்லிவிட்டு, மதியத்துக்கு மேல் தனியார் பக்கத்துக்கு டெக் (பிரசன்டேஷன்) போட்டுக் கொடுத்தால், மக்கள் பணத்தில் இன்னொருவருக்கு வேலை செய்கிறீர்கள் என்று அர்த்தம். எந்த மணி நேரம் யாருக்கு என்று உள்ளதை உள்ளபடி எழுதுங்கள். "எல்லாத்தையும் அதே புராஜெக்ட் கோடில் போட்டுடு" என்று யாராவது சொன்னால் படி 4இல் உள்ள வாக்கியத்தைக் கொஞ்சம் மாற்றிப் பயன்படுத்தலாம்.

படி 7: பக்கம் மாறும்போது

மாற்றம் தவறில்லை. நானே இரண்டு வருடம் தனியார் பக்கம் இருந்துவிட்டு வந்தவன். ஆனால் நேற்று வரை விதி எழுதிய துறைக்கு வேலை செய்துவிட்டு, இன்று அதே விதிக்குக் கட்டுப்பட்ட கம்பெனிக்கு வேலை செய்யக் கூடாது. சில மாத இடைவெளி வேண்டும் என்று நீங்களே கேளுங்கள். உங்கள் கம்பெனியில் அதற்கு விதி இருந்தால் நல்லது, இல்லாவிட்டாலும் கேளுங்கள். அதுவரை வேறு துறையில் வேலை செய்யலாம். பழைய ஃபோல்டர் அனுமதிகளை எடுத்துவிட்டதாக ஐ.டி.யிடம் மெயில் வாங்கி வையுங்கள். கையால் எழுதிய நோட்டுப் புத்தகத்தையும் ஒப்படையுங்கள். இதை நிறையப் பேர் மறந்துவிடுகிறார்கள்.

புதுப் பக்கத்தில் பழைய வேலையைப் பற்றிக் கேட்பார்கள். "துறைக்குள்ள என்ன யோசிக்கறாங்க?" என்ற கேள்வி சாதாரணமாக, காபி குடிக்கும்போது வரும். அதிகாரியின் மனநிலை, கோப்பு எந்த மேசையில் நிற்கிறது என்பதெல்லாமும் தகவல்தான். அதற்கும் பதில் அதே "சொல்லக் கூடாது".

படி 8: எப்போது பேசலாம்

அரசாணை வெளியாகி, இணையதளத்தில் யார் வேண்டுமானாலும் படிக்கலாம் என்று ஆன பிறகு அதில் உள்ளதைப் பேசலாம். அதில் இல்லாததை, அதாவது முதல் வரைவில் என்ன இருந்தது, யார் வெட்டினார்கள் என்பதை அப்போதும் பேசக் கூடாது.

மாமாவுக்குச் சொன்னபடியே அனுப்பினேன். ஆணை ஏறிய அன்று மாலை லிங்க் போட்டேன். பத்து நிமிடத்தில் ஃபோன் வந்தது. "மாப்ள, மூணாவது பக்கத்துல ஒரு கண்டிஷன் புரியல. இப்பவாச்சும் சொல்லலாமா?"

"இப்ப சொல்லலாங்க மாமா" என்று சொல்லிவிட்டு, ஒரு பேப்பரும் பேனாவும் எடுத்துக்கொள்ளச் சொன்னேன். தேவையான சான்றிதழ்கள், எந்த அலுவலகம், கடைசித் தேதி என்று ஒவ்வொன்றாகச் சொல்ல முக்கால் மணி நேரம் ஆனது. பக்கத்து ஊர் ஃபேக்டரிக்காரருக்கும் அந்த லிங்க்கை அவரே அனுப்பியதாக அப்புறம் அத்தை சொன்னார்.